ரெண்டாவது பம்புக்கு ஓர் ஆள்

எங்கள் காரைக்கால் வட்டாரத்திலேயே அதிகமான ஆட்டோ ஸ்விட்ச் மாட்டிக் கொடுத்தவர் ஒருவர்தான். அவற்றில் ஒன்றைக்கூட நம்பாதவரும் அவர்தான். நெடுங்காட்டுக்காரர். வயல் மோட்டார்களுக்கு வயரிங் செய்கிறவர். பெற்றோர் வைத்த பெயர் ஆதார் அட்டையில் இருக்கலாம். ஊருக்கு அவர் 'ஆட்டோ ஸ்விட்ச்'.

அவர் வீட்டு மாடித் தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கும். நிற்கிறதா என்று பார்க்க, தொட்டியடியில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருப்பார்.

"ஆட்டோன்னா ஆளு வேண்டாம்ல அண்ணே?" என்று கேட்டேன்.

"வேண்டாந்தான் தம்பி. ஆனா ஆளில்லாம அது ஒழுங்கா நடக்குதான்னு பாக்க ஒரு ஆளு வேணும்ல."

"இந்த வீட்ல எல்லாம் தானா நடக்கும்" என்றார் அவர் மனைவி. "சாப்பாட்டுக்கு மட்டும் இவரு தானா வர மாட்டாரு. நாலு தடவ கத்தணும்."

இப்படிப்பட்டவரிடம் நான் போய்ச் சேர்ந்தது என் நானாவின் காரால். எங்கள் வீட்டில் அண்ணனை நானா என்போம். அவர் துபாயில் இருக்கிறார். போன லீவில் வந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த டர்போ காருக்கு இன்னும் பெரிய டர்போ மாட்டினார். அது பற்றாதென்று பெட்ரோலுக்கு இரண்டாவது பம்பும் வைத்தார். "கண்ணு மாதிரி பாத்துக்கடா" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். சொந்தப் பிள்ளைகளை விட்டுப் போனபோதுகூட மனுஷன் அப்படிச் சொல்லவில்லை.

டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். இல்லையென்றால் சூடு ஏறி பிஸ்டன் உருகிவிடும். அதற்காக இரண்டாவது பம்பை எந்நேரமும் ஓடவிட்டாலும் தொல்லைதான், வண்டி கரும்புகை கக்கும். டர்போ ஊதும்போது மட்டும் அது ஓட வேண்டும். இதைக் கவனித்துக்கொண்டிருந்த பெட்டி ஒரு மழையில் நனைந்து செத்துப்போனது. புதுப் பெட்டி வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம் ஆகுமாம். நானாவோ பத்து நாளில் வருகிறார்.

ஆட்டோ ஸ்விட்ச் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு மோட்டாரு எப்பவும் ஓடுது. தண்ணி பத்தலேன்னா இன்னொண்ணு கூடச் சேரணும். அவ்வளவுதானே?"

"தண்ணி இல்ல அண்ணே, பெட்ரோலு."

"பாயுறது எதுவா இருந்தா என்ன?"

அந்த மனிதர் கார் ஓட்டியதே கிடையாது. ஆனால் இரண்டே நாளில், சென்னைக் கடைக்காரர்கள் கைவிரித்த வேலையை முடித்துவிட்டார். டர்போவிலிருந்து ஒரு சின்ன ரப்பர் குழாய், அதன் முனையில் காற்றழுத்தம் ஏறினால் தானே ஆன் ஆகும் ஸ்விட்ச், அங்கிருந்து பம்புக்குக் கரண்ட் விடும் ரிலே, ரிலேயிலிருந்து பம்பு. பம்பு ஓடுவது தெரிய டாஷ்போர்டில் ஒரு பச்சை பல்பு. அது கல்யாண வீட்டு சீரியல் செட்டில் இருந்து கழற்றியது. நான் அசந்துபோனேன்.

திருவேட்டக்குடிப் பக்கம் ஓட்டிப் பார்த்தோம். ஆக்சிலேட்டரை அழுத்தினேன். டர்போ ஊதியது. வண்டி இருமியது, குலுங்கியது. பச்சை பல்பு எரியவில்லை. பயந்துபோய்க் காலை எடுத்த பிறகு, நிதானமாக எரிந்தது.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "டைமர் வச்சுட்டேன் தம்பி" என்றார். வயலில் கரண்ட் வந்த கையோடு மோட்டார் ஓடினால் உள்ளே கம்பிச் சுருள் கருகும் என்று, எல்லா மோட்டாருக்கும் கொஞ்ச நேரம் பொறுத்து ஓடும்படி டைமர் வைப்பது அவர் வழக்கம். கைப்பழக்கத்தில் காருக்கும் வைத்துவிட்டார்.

"நெல்லு காத்துக் கெடக்கும். பிஸ்டன் காத்துக் கெடக்காதுல்ல" என்று சொல்லி, சாலையோரத்திலேயே டைமரைப் பிடுங்கி எறிந்தார். அதன் பிறகு வண்டி பறந்தது. பல்பு பளிச்சென்று எரிந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவருக்கு வரவில்லை.

மறுநாள் ஒரு காலிங் பெல் பட்டனைக் கொண்டுவந்து இடது பக்க இருக்கையருகே பொருத்தினார். ஆட்டோ காலை வாரினால், அதை அழுத்திப் பிடித்தால் பம்பு ஓடும்.

"யாரு அழுத்துறது?"

"நாந்தான். ஒரு தடவ தப்புப் பண்ணிட்டேன்ல. உங்க அண்ணன் பாய் வந்துட்டு துபாய் திரும்புற வரைக்கும் நான் கூட வர்றேன்."

வந்தார். மீன் வாங்கப் போனாலும் வந்தார். கட்டைவிரல் பட்டன் மேலேயே இருக்கும்; கண் பல்பின் மேல். பேச்சுக் கொடுத்தால் "உம்" என்பார்.

நானா வந்தார். முன்சீட்டில் ஒருவர் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "யாருடா இது?" என்றார். "வயரிங் பண்ணினவரு" என்றேன். நானா ஸ்டியரிங்கைப் பிடிக்க, நான் பின்சீட்டுக்குப் போனேன். கோட்டுச்சேரியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பியதும் நானா ஒரு லாரியை முந்த மிதித்தார். டர்போ ஊதியது.

பல்பு எரியவில்லை. நான் பின்சீட்டிலிருந்து முன்னால் எக்கினேன். அதற்குள் அந்தக் கட்டைவிரல் அமுங்கிவிட்டது. பல்பு எரிந்தது. வண்டி லாரியைத் தாண்டிச் சீறியது.

"மாஷா அல்லாஹ், என்னமா இழுக்குது" என்றார் நானா.

"பாய், வரிச்சிக்குடில ஒரு டீ குடிப்பமா?" என்றார் ஆட்டோ ஸ்விட்ச். நெற்றியில் வேர்வை. விரல் பட்டன் மேலேயே இருந்தது.

"இப்பதானே குடிச்சோம்?"

"அது சரியில்ல பாய். தண்ணி."

வரிச்சிக்குடிக் கடையில் நானாவின் முதுகு காரின் பக்கம் இருக்கும்படி உட்காரவைத்து, துபாய் வெயிலைப் பற்றி நான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். பின்னால் பானட் திறந்தது, கழன்ற ரப்பர் குழாய் மாட்டப்பட்டு, கம்பி சுற்றி இறுக்கப்பட்டது, பானட் மூடியது. நானாவுக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரியும். கோபித்துக்கொள்ளட்டும்.

லீவு முடிந்து நானா போய்விட்டார். சொன்னபடி மூன்று மாதத்தில் வெளிநாட்டுப் பெட்டி வந்தது. அது பீரோவுக்குள் பிரிக்காமல் கிடக்கிறது. "மாட்டிட்டியாடா?" என்று போனில் கேட்டார் நானா. "ஆச்சு நானா" என்றேன். என்னைப் படைத்தவன் மன்னிப்பான்.

குழாய் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கழலவில்லை. ஆனாலும் எந்த ஊருக்குப் புறப்பட்டாலும் முதலில் நெடுங்காட்டுக்குத்தான் காரைத் திருப்புகிறேன். பெரும்பாலும் அது சுற்றுவழி. இடது பக்கம் அவர் இல்லாவிட்டால் எனக்கு ஆக்சிலேட்டரை மிதிக்க மனசு வருவதில்லை.