பூப்போட்ட உறைக்குள் ஒரு கம்ப்யூட்டர்

அரைகுறையாகக் கம்ப்யூட்டர் படித்தவரிடம் ஓடாத கம்ப்யூட்டரைக் காட்டக் கூடாது. என்னிடம் காட்டினார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ், இரண்டாம் ஆண்டு. (இதைப் பஸ் கண்டக்டரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்கவில்லை.) கடலூரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் மாமா கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, "உள்ள தூசி போனா அவ்ளோதான்" என்று மிரட்டினேன். அம்மா மிச்சமிருந்த ரவிக்கைத் துணியில் சிபியூ பெட்டிக்குப் பூப்போட்ட உறை தைத்தாள். ஓரத்தில் ஜரிகை.

கோடையில் அது ஹேங் ஆகத் தொடங்கியது. திரையில் பண்ருட்டி பலா வியாபாரி மகளின் பத்திரிகை அப்படியே உறைந்து நின்றது.

"சாயந்திரம் வருவாரு. குடுக்கலன்னா வேற கடைக்குப் போயிடுவாரு பாப்பா," என்றார் மாமா.

உறையைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, ரேமை உருவி ரப்பரால் தேய்த்தேன். "மெமரி பிரச்சினை மாமா." நன்றாக ஓடியது. உறையை மாட்டிவிட்டு டீ குடித்து வந்தால், நின்றிருந்தது. பக்கத்துக் கடையில் இரவல் ரேம் வாங்கிச் செருகினேன். ஓடியது. உறையை மாட்டினேன். நின்றது.

"நீ கைய வெச்சா ஓடுது, நவுந்தா நின்னுடுது. உன் மேல அதுக்கு மரியாத ஜாஸ்தி," என்றார் மாமா. (பாதி நம்பினேன்.)

கடைசியில் ஆபரேட்டிங் சிஸ்டமே கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றி, உறையை மாட்டினேன்.

"பத்திரிகை எங்க பாப்பா?"

"எந்தப் பத்திரிகை மாமா?"

வியாபாரி வந்து எதிரே உட்கார்ந்து உறவினர் பெயர்களை மறுபடி சொல்ல, நான் தட்டினேன். தாய்மாமன் பெயரில் திரை நின்றது. அழுகை வந்தது. பெட்டி மேல் கன்னத்தைச் சாய்த்தேன். தோசைக்கல்.

ஒவ்வொரு முறை சோதித்தபோதும் உறையைக் கழற்றியிருந்தேன். உறைக்குள் பிராசசர் வெந்து நின்றுகொண்டிருந்தது; நான் மெமரியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

உறை இல்லாமல் பத்திரிகை முடிந்தது. வியாபாரி வாங்கிக்கொண்டு, "பொண்ணு நல்லா டைப் அடிக்குது" என்றார். விஷயத்தைக் கேட்ட அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "அப்ப தூசி?"

இப்போது சென்னையில், ஹேங் ஆகும் கம்ப்யூட்டர்களுக்குக் காரணம் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஊருக்கு வந்தால், மாமா முதலில் மிக்ஸி மேலிருக்கும் துணியை எடுப்பார். "எஞ்சினியர் வந்திருக்கு, மூச்சு விட்டுக்கோ" என்று மிக்ஸியிடம் சொல்வார். அப்புறம்தான் என்னிடம் "வாம்மா."