வந்த வரிசைப்படி நிற்கவும்

பூக்களிடம் பெரணி அக்காவைப் போல் கறாராக நடந்துகொண்ட இன்னொருவர் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலும் இருந்திருக்க வாய்ப்பில்லை. பண்டமாரானில், எங்கள் அடுக்குமாடியின் நான்காம் மாடியில், இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். துறைமுகக் கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அவருடைய இயற்பெயரைத் தபால்காரர் மட்டுமே அறிந்திருந்தார்.

கிடங்கில் முதலில் வந்த சரக்குக்கே முதல் இடம். அதே விதியை, பூமிக்கு வந்த வரிசைப்படி, அவர் எங்கள் நடைவழிச் செடிகளிடமும் அமல்படுத்தினார். லிஃப்ட் வாசலில் பாசித் தட்டுகள். நீரிலிருந்து முதலில் கரையேறிய கூட்டத்தின் வாரிசுகள் என்பதால் அந்த மரியாதை. அடுத்து, பூவே பூக்காத பெரணிகள் இருபது தொட்டி. அதன்பின், கனிக்குள் மூடாமல் விதையைத் திறந்தே வைத்திருக்கும் ஒற்றைச் சைக்கஸ். பூக்கும் செடிகளுக்குக் கடைசியில், குப்பைத் தொட்டியருகே இடம். எல்லாவற்றின் மீதும் கிடங்கின் 'உடையும் பொருள்' ஒட்டுத்தாள்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் தரைத்தளத்துக்காரர். வெயில் படட்டும் என்று தம் செம்பருத்தியை மேலே கொண்டுவந்து பாசிக்கு முன்னால் வைத்தார். மாலையில் அது குப்பைத் தொட்டியருகே நின்றது.

"என்னம்மா இது? தேசிய மலர் லா. குப்பைகிட்டயா வைப்ப?"

"வந்த வரிசைப்படி நிக்கச் சொன்னேன் அங்கிள். உங்க செம்பருத்தி நேத்து வந்தது."

"நேத்தா? மூணு வருஷமா வளக்கிறேன்."

"பெரணிக்குக் கோடிக்கணக்கான வருஷ சர்வீஸ். உங்களது ஜூனியர்."

காப்பாரில் நடந்த ஒரு திருமணத்துக்கு அக்கா கொண்டையில் பெரணி இலையைச் செருகிக்கொண்டு வந்தார். பந்தியில் அமர்ந்தபோது பட்டுப்புடவையின் தோளெல்லாம் பழுப்புத் தூள். என் அம்மா மல்லிகையை நீட்டினார்.

"வேணாம்க்கா. பூவுக்கு கலர் வேணும், தேன் வேணும், வண்டுகிட்ட பல்லக் காட்டணும். பெரணிக்குத் தூளும் கொஞ்சம் ஈரமும் போதும்."

செம்பருத்தியின் அவமானத்தைச் செயலாளர் மறக்கவில்லை. ஒருநாள் பெரணி இலையொன்றைப் புரட்டினார். அடியில் பழுப்புக் கோடுகள். பூச்சி விழுந்த செடிகள் அனைத்தும் வரும் கோத்தோங் ரோயோங் அன்று அகற்றப்படும் என்று அறிவிப்பு ஒட்டினார். குடியிருப்போர் எல்லோரும் கூடித் துப்புரவு செய்யும் ஞாயிறு அது.

அன்று அக்கா தொட்டிகளுக்கு முன்னால் முக்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

"இது ஸ்போர் அங்கிள், பெரணி முளைக்கிற தூள். பூச்சின்னா நடக்கும். உக்காந்து பாருங்க."

சங்கத்தார் ஆறு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்து, தேநீர் அருந்தியபடி, கவிழ்த்துவைத்த ஓர் இலையை அரை மணி நேரம் கண்காணித்தனர். எதுவும் நடக்கவில்லை.

"தூங்குது" என்றார் செயலாளர்.

வாக்கெடுப்பில் ஆறு கைகளும் உயர்ந்தன. அக்காவுக்காகப் பேச நான் ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். அதன் பயனிலைக்கு நான் வந்து சேர்வதற்குள் தொட்டிகள் நகரத் தொடங்கிவிட்டன.

தொட்டிகளை ஏற்றிப்போக வந்த லோரியில் பூச்சி ஏறிவிடக் கூடாதென்று செயலாளர் ஒவ்வோர் இலையையும் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டித் துடைப்பத்தால் அடித்தார். பழுப்புத் தூள் புகைபோல் கீழே இறங்கியது. அக்காவின் முகம் மலர்ந்தது.

"நல்லா உதறுங்க அங்கிள். அந்தப் பக்கம் இன்னும் இருக்கு."

அடுத்த மாதம் அக்கா பாசியையும் சைக்கஸையும் எடுத்துக்கொண்டு செமினிக்குக் குடிபெயர்ந்தார். போகும்போது ஓர் 'உடையும் பொருள்' ஒட்டுத்தாளை என் முழங்கையில் ஒட்டிவிட்டுப் போனார்.

இந்த மழைக்காலத்தில், செயலாளரின் ஏர்கோன் நீர் சொட்டும் சுவரில், நகத்தளவு பச்சை இதயங்கள் படர்ந்திருக்கின்றன. இலையுமில்லை, தண்டுமில்லை, பார்ப்பவருக்கு அழுக்கு. பெரணியின் வாழ்வில் ஆணும் பெண்ணும் கூடும் தலைமுறை அதுதான். அந்தச் சொட்டு நீரில்தான் கூடும். இரண்டு இதயங்களிலிருந்து சுருண்ட இலைகள் ஏற்கெனவே தலைதூக்கிவிட்டன.

சென்ற ஞாயிறு செயலாளர் கம்பித் தூரிகையோடு வந்தார்.

"தள்ளும்மா. பாசி புடிச்சிருக்கு."

"பாசி இல்ல அங்கிள். தள்ள மாட்டேன்."

கட்டிவைத்த வாக்கியம் எதுவும் என்னிடம் இல்லை. வெயில் ஏறும்வரை நின்றுகொண்டிருந்தேன். அவர் வடிகால் பக்கம் போய்விட்டார்.

பிறகு, புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தியிருந்த அந்த ஒட்டுத்தாளை எடுத்துவந்து, இதயங்களின் அருகே ஒட்டினேன்.