விஷக் கூண்டின் ஆரோக்கியம்

2024ஆம் ஆண்டு நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. அதிகாலையிலிருந்து விட்டுவிட்டுத் தூறல், காற்று இல்லை. திருவையாற்றுச் சாலையிலிருந்த ஒரு மருந்தியல் கல்லூரியின் விலங்குக்கூடத்தில், நோயில் துவண்டிருக்க வேண்டிய ஆறு வெள்ளை எலிகள் கல்யாணப் பந்தியில் அமர்ந்தவைபோல் தீனி தின்றுகொண்டிருந்தன.

அவற்றைக் கவலையுடன் நோக்கி நின்றவள் ஆய்வு மாணவி எழில்மொழி. வாய்க்கால் ஓரத்து நீர்முள்ளி, ரசாயன நஞ்சிலிருந்து ஈரலைக் காக்கும் என்று நிறுவுவதே அவளது முனைவர் பட்ட ஆய்வு. ஒரு கூண்டுக்கு நஞ்சு மட்டும். மறு கூண்டுக்கு நஞ்சும் நீர்முள்ளிச் சாறும். முதற்கூண்டு நலிந்தால்தான் இரண்டாம் கூண்டின் நலத்துக்கு மதிப்பு. அவளது ஐந்தாண்டு உழைப்பும் அந்த ஆறு எலிகளின் நோயை நம்பியிருந்தது.

"அக்கா, விஷக் கூண்டு எப்படி இருக்கு?"

"ஒரு குறையும் இல்ல மேடம்," என்றாள், சென்ற மாதம் எலிகளைப் பராமரிக்கச் சேர்ந்திருந்த அமிர்தம். "போட்டதெல்லாம் காலி."

"காலியாகக் கூடாதுக்கா!"

"தின்னா திட்டுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

நஞ்சு வீரியம் இழந்திருக்கும் எனக் கருதிய எழில்மொழி, தஞ்சாவூரிலிருந்து புதுப் புட்டி தருவித்து அளவை இரட்டிப்பாக்கினாள். அடுத்த செவ்வாயன்று இரத்தம் எடுத்துச் சோதித்தாள். அவ்வெலிகளின் ஈரல் அவளுடைய ஈரலைக் காட்டிலும் சீராக இருந்தது.

"முன்னைக்கு இப்ப இன்னும் துடியா இருக்குதுங்க," என்றாள் அமிர்தம். "ஒண்ணு கையைக் கடிக்க வருது."

முதற்கூண்டைத் தாழ்த்த இயலாவிடில் இரண்டாம் கூண்டையாவது உயர்த்துவோம் என்று, சாற்றின் அளவையும் இரட்டிப்பாக்கினாள். நீர்முள்ளி சிறுநீரைப் பெருக்கும் என்பது அவளது ஆய்வேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை. மருந்துக் கூண்டு தண்ணீர் கட்டிய சம்பா வயலாயிற்று. எலிகள் தொப்பலாக நின்றன.

நவம்பர் 26 அன்று நெறியாளர் செந்தில்குமார் குடையை மடக்கியபடி வந்தார்.

"விஷம் சாப்பிட்டது எது?"

"கொழுகொழுன்னு இருக்கே சார், அது."

"நனைஞ்சு நடுங்குறது?"

"மருந்து சார்."

"சரியாப்போச்சு. மருந்துலேருந்து எலியைக் காப்பாத்த விஷம் நல்லதுன்னு எழுதிடுவோமா?"

"இன்னும் ஒரே வாரம் குடுங்க சார்."

"அஞ்சு வருஷம் குடுத்தாச்சும்மா. கெடு இன்னியோட முடியுது. ரெண்டு கூண்டுக்கும் வித்தியாசம் காட்ட முடியலேன்னா ஆய்வைக் கைவிடுறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அவள் கையெழுத்திட்டாள். அவரும் கையெழுத்திட்டு, அக்கடிதத்தைக் கணினி வழியே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு, "அனுப்பியாச்சு," என்றார்.

அவ்வேளையில் அமிர்தம் காலிக் கூண்டு ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், பக்கத்து ரூம்ல உபரியா இருந்த எலியெல்லாம் தீந்துபோச்சு. நடவுல பட்டுப்போன நாத்துக் குத்துக்கு வேற குத்து வெக்கிறாப்புல, விஷக் கூண்டுல சாகச் சாகப் புதுசு விட்டுக்கிட்டே வந்தேன், இதுவரைக்கும் இருபத்திரண்டு ஆச்சு. மருந்துக் கூண்டுக்குத்தான் அந்த வேலையே இல்ல, மொத நாள் விட்ட ஆறும் அப்படியே இருக்கு."

அப்போது மணி பிற்பகல் நான்கு பதினேழு.