நான் மேடையேறித் திருப்பிய என்சைம்

பிள்ளைகளே, ஒரு தப்பைச் செய்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் பாதி மானமாவது மிஞ்சும். சபையில் எழுந்துபோய் அதைச் சரிசெய்யப் பார்த்தால் மீதிப் பாதியும் போய்விடும். இரண்டையும் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. கோயில் திருவிழாவில் பல்பு எரிய உயரமாக நிற்குமே மயில், யானை, பிள்ளையார், அவற்றுக்குக் கம்பி வளைத்து வெல்டிங் வைத்துக் கொடுப்பது என் தொழில். படிப்பு ஒன்பதாம் வகுப்பு. (பத்தாம் வகுப்பின் வாசல் வரை போனேன். உள்ளே விடவில்லை.)

ஒருநாள் அனிதா என்ற பெண் பட்டறைக்கு வந்தாள். கோட்டைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், பேச்சில் மலையாளமும் கலந்து வரும். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். அவள் நீட்டிய வண்ணப் படங்களில் யாரோ ரிப்பனைக் கோபத்தில் கசக்கிப் போட்டிருந்தார்கள். அது ஈஸ்ட்டுக்குள் இருக்கும் ஒரு என்சைமாம். அதைக் கம்பியில் செய்து தர வேண்டுமாம்.

ஈஸ்ட்டை எனக்குத் தெரியும். அப்பத்துக்கு மாவு பொங்குவது அதனால்தான். பொங்கியதும் அது வேலையை முடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று அனிதா விளக்கினாள். கண்ணுக்கே தெரியாத அந்த ஈஸ்ட்டுக்குள் எக்கச்சக்கமான வேலைக்காரர்கள் உண்டு. அவர்கள்தான் என்சைம்கள். அனிதாவின் என்சைமுக்கு வேலை, ஒரு அமினோ அமிலத்தைப் பிடித்து வேறொன்றாக மாற்றுவது. அமினோ அமிலம் ஒரு மணி என்றால், என்சைமே அந்த மணிகளைக் கோத்த மாலைதான். ஆனால் மாலைபோல் தொங்காது. சுருண்டு, மடங்கி, நடுவில் ஒரு குழியை வைத்துக்கொண்டு உட்காரும். அந்தக் குழிக்குள் வந்து பொருந்துகிற மணியைத்தான் அது மாற்றும். இந்த வடிவத்தைக் கண்டுபிடிக்க அவள் என்சைமைக் கற்கண்டு மாதிரிப் படிகமாக்கி, அதில் எக்ஸ்ரே பாய்ச்சி, ஆறு வருடம் செலவழித்திருந்தாள்.

படம் இருக்கும்போது கம்பி எதற்கு என்று கேட்டேன். அவளைச் சோதிக்க வரும் பேராசிரியருக்குக் கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டதாம்.

"திரையில காட்டினா அவருக்குத் தெரியாது, அண்ணாச்சி. கையால தொட்டுப் பாக்கணும். அவருக்குப் புரிஞ்சாத்தான் எனக்குப் பட்டம், கேட்டோ."

போகும்போது, சுருளெல்லாம் படத்தில் உள்ள பக்கமே சுற்ற வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாள். நானும் மூன்று தடவை தலையாட்டினேன்.

இங்கேதான் தொழில் குறுக்கே வந்தது. எங்கள் வழக்கப்படி உருவத்தைச் சாக்பீஸால் தரையில் வரைந்து, அதன்மேல் கம்பியைப் படுக்கவைத்து வெல்டிங் வைப்போம். மேலே வெல்டிங் முண்டும் முடிச்சுமாக இருக்கும். ஆனால் கவிழ்த்து நிறுத்தினால் தரையில் கிடந்த வழவழப்பான பக்கம் முன்னால் வந்துவிடும். அதனால் வரையும்போதே இடம் வலமாக மாற்றி வரைவோம். மாற்ற மறந்தாலும் மோசமில்லை. மயிலைத் திருப்பி நிறுத்தினால் இந்தப் பக்கம் பார்க்கும். தீர்ந்தது.

இருபது வருடப் பழக்கம். என் கை அனிதாவின் படத்தையும் தானாகவே இடம் வலமாக மாற்றி வரைந்துவிட்டது. ஆனால் இது கவிழ்த்து நிறுத்தும் தட்டை உருவம் இல்லையே. வரைந்த கோட்டின்மேலேயே மேடு பள்ளம் பார்த்து ஒரு முழ உயரத்துக்குக் கட்டி எழுப்பினேன். சுருள்களையும் நான் வரைந்திருந்த பக்கமே சுற்றினேன். முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். ஈஸ்ட்டைப் படைத்த கடவுள்கூட இவ்வளவு உறுதியாக வெல்டிங் வைத்திருக்க மாட்டார் என்று தோன்றியது.

பெயின்ட் காயத் தாமதமாகி, பேராசிரியர் அவளைச் சோதிக்கும் நாள் காலையில்தான் ஆட்டோவில் அரங்குக்குக் கொண்டுபோனேன். நான் பாராட்டப்படுவதைப் பார்க்க என் மனைவி பேச்சியும் வந்திருந்தாள். அனிதா பதற்றத்தில் துணியை விலக்கி ஒரு நொடி பார்த்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடினாள். நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

பேராசிரியர் மேடையில் என்சைமைத் தொட்டார். அவர் விரல்கள் ஒரு சுருளில் மெதுவாக ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. அடுத்த சுருளுக்குப் போயின. பிறகு அவர் அமைதியாகச் சொன்னார்: சாதாரண ஸ்க்ரூவில் மரை ஓடும் பக்கமே உயிருள்ளவற்றின் சுருளும் ஓடும்; இதில் எல்லாமே எதிர்ப்பக்கம் ஓடுகிறது. உங்கள் ஆராய்ச்சி முடிவும் இதுதானா?

அனிதாவின் முகம் வெளிறியது. நான் எழுந்தேன்.

"சார், ஒண்ணுமில்ல. திருப்பி வெச்சா சரியாயிடும்."

பேச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்தது. நான் நிற்கவில்லை. மேடையேறி, என்சைமை முன்பின்னாகத் திருப்பி வைத்தேன். பேராசிரியர் பொறுமையாகத் தொட்டுப் பார்த்து, இல்லை என்றார். தலைகீழாக நிறுத்தினேன். தொட்டார். இல்லை. பக்கவாட்டில் படுக்கவைத்தேன். அதில் தண்ணீர் பாட்டில் உருண்டு அவர் மடியில் கவிழ்ந்தது. அப்போதும் இல்லை. நான்காவது தடவை தூக்கும்போது அனிதா என் கையைப் பிடித்தாள்.

"சாரமில்ல, பரவாயில்ல, விடுங்கோ அண்ணாச்சி. எப்படித் திருப்பினாலும் வராது. வலது கால் செருப்பை எத்தனை தடவை திருப்பினா இடது காலுக்கு ஆகும்?"

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதில்தான் அது எனக்கு விளங்கியது.

அவள் பேராசிரியரிடம் திரும்பி, என் முடிவு சரி, மாடல்தான் கண்ணாடியில் தெரியும் பிம்பம், பார்க்காமல் வைத்தது என் தப்பு என்றாள். அப்படியானால் இதை வைத்தே சரியானதைச் சொல் என்றார் அவர். அவள் அவருடைய விரலைப் பிடித்து ஒவ்வொரு மடிப்பாகக் கொண்டுபோனாள். இது உண்மையில் அந்தப் பக்கம் இருக்கும், இந்தக் குழியில் நிஜ அமினோ அமிலம் ஒழுங்காக உட்காராது, ஏன் உட்காராது. படத்தைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் சொன்னாள். யாரும் என்னைக் கீழே போகச் சொல்லாததால், அந்த ஒரு மணி நேரமும் கிழிந்த சட்டையோடு என்சைமைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அவர் அவளை டாக்டர் அனிதா என்று கூப்பிட்டார். என்னிடம், வேலை சுத்தம், ஆனால் இதை வைத்துப் பிழைக்கிற ஈஸ்ட் உலகத்தில் இல்லை என்றார்.

பிராயச்சித்தமாகச் சரியான என்சைம் ஒன்றைச் செய்து கொடுத்தேன். அதை அனிதாவின் ஆய்வுக்கூடத்தில் அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். தப்பானதுதான் மேசைமேல் இருக்கிறது. புதிதாகச் சேரும் மாணவர்களிடம் அதைக் கொடுத்து, என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்களாம்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். போன வாரம் கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டர் மாட்டாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பேச்சி அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கு, திருப்புங்க. வரலேன்னா டாக்டர் அனிதாவக் கூப்பிடுதேன்."

போனை நிஜமாகவே கையில் வைத்திருந்தாள்.