உங்கள் அப்பாவையும் பழமொழிகளையும் வந்து அழைத்துப் போங்கள்

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. அங்கே நீங்களும் என் ஓரகத்தியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இருக்காமல் என்ன, உங்கள் அப்பாதான் இங்கே இருக்கிறாரே! பெரியவர்களைப் பற்றிக் குறை எழுதக்கூடாது என்று எனக்கும் தெரியும். அதனால் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் கடைசி எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருந்த பெண் பிரசவத்துக்குப் போனாள். "வீட்ல சும்மாதானேம்மா இருக்கேன், நான் உக்காந்துக்கிறேன்" என்றார் மாமா. பொழுது போகட்டுமே என்று நானும் தலையாட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வருகிறவர்களின் பெயரைக் கேட்டு, உட்கார வைத்து, முறை வந்ததும் உள்ளே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. இவரோ ஆளுக்கொரு பழமொழி வைத்திருக்கிறார். கன்னம் வீங்கி வந்தவருக்கு ஒன்று, பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்த அம்மாவுக்கு ஒன்று, கரண்டு போனால் ஒன்று, வந்தால் ஒன்று. எதையும் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் என் கைக்கும் தொற்றிக்கொள்ளும்.

கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொள்ள ஒரு பஸ் டிரைவர் வந்தார். மாமா அவரிடம் பொறுமையைப் பற்றி ஒன்றைச் சொல்ல, "ஐயா சொல்றதும் நியாயம்தான்" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் முகம் பூசணிக்காயாக வீங்கி வந்து திட்டியது யாரை? என்னை! ஒரு டீச்சருக்கு ரூட் கெனால் செய்துகொண்டிருக்கிறேன், கதவிடுக்கில் தலையை நீட்டி ஒன்றை எடுத்துவிட்டார். அந்தம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என் ஆள்காட்டி விரலில் இன்னும் அந்த டீச்சருடைய பல் பதிந்த தடம் இருக்கிறது. அதற்கு மருந்து போட்டபோதும் மாமாவிடம் ஒன்று தயாராக இருந்தது தம்பி!

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் கட்டடத்துக்காரர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்தார். நல்ல மனிதர்தான், கொஞ்சம் முன்கோபி. நான் உள்ளே வேலையாக இருந்ததால் காத்திருந்தார். மாமாவுக்கு வாய் சும்மா இருக்குமா? ஒன்றைச் சொன்னார். அதில் ஒரு கழுதை வரும்.

"கழுதைன்னு யாரைச் சொல்றீங்க?"

"ஐயய்யோ, உங்களை இல்லீங்க. அது சும்மா பேச்சுக்கு."

"அப்ப டாக்டரம்மாவையா?"

"சேச்சே, அவங்க அதுல வர்ற மூட்டைங்க."

"அப்ப மிச்சம் இருக்கிறது நான்தானே?"

சமாளிக்கிறேன் பேர்வழி என்று மாமா இன்னொன்றைச் சொன்னார். அதில் நாய். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே ஓடி வருவதற்குள், வருகிற மாதக் கடைசிக்குள் இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு அவர் படியிறங்கிவிட்டார். கடன் வாங்கி, பார்த்துப் பார்த்துக் கட்டிய தொழில் தம்பி, ஒரு கழுதையும் ஒரு நாயும் சேர்ந்து நடுத்தெருவில் நிறுத்திவிட்டன. உங்கள் அண்ணனிடம் போய் அழுதால் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "நாய் வர்றது எது, அதைச் சொல்லு" என்கிறார். பரம்பரை வியாதி!

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வீடு பெரியது, அத்தனை மிருகங்களையும் கட்டிவைக்க இடமிருக்கும். சாக்கு எதுவும் சொல்லக்கூடாது.

ஓரகத்திக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, அளவாகப் பேசி, எல்லாப் பற்களோடும் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும் அண்ணி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால், பின்னால் தெரிந்து வருத்தப்படக்கூடாதே என்று மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். அலமாரியைத் திறந்து சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்துவிட்டார். பதற்றத்தில் நான் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டேன். அதற்கும் ஒன்றும் சொல்லாமல் துணி எடுத்துத் துடைத்தார்.

"என்ன மாமா, ஏதாவது சொல்லுங்களேன்" என்றேன்.

"என்னத்தம்மா சொல்றது? உங்க அத்தை இருந்தவரைக்கும் அவளே பேசிடுவா. எனக்குச் சொந்தமாப் பேச வராது. எல்லாரும் சொல்ற பேச்சைச் சொன்னா ஒருத்தரும் கோவிச்சுக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

பெட்டியைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இரண்டு தெரு தள்ளி ஓர் இடம் காலியாக இருக்கிறதாம், நாளைக்கு நானும் அவரும் போய்ப் பார்க்கப்போகிறோம். நீங்கள் வர வேண்டாம். வந்தாலும் விருந்தாளியாக வந்து தனியாகத் திரும்பிப் போங்கள். இதை எழுதும்போதே மாமா அந்த இடத்துக்காரருடன் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். ஏதோ எருமை என்று காதில் விழுகிறது, நான் ஓடிப்போய்ப் போனைப் பிடுங்க வேண்டும்.