நெற்றியில் பொட்டு வைத்த பியானோப் பெட்டி

எலெக்ட்ரிக் பியானோவின் அசல் சத்தம் அதன் எடையில்தான் இருக்கிறது என்று நாற்பத்தாறு வயது வரை நம்பியவன் நான். நாலு பேர் தூக்கினால் நல்ல சத்தம், ஒருவரே தூக்கினால் சுமாரான சத்தம், அக்குளில் இடுக்கிக்கொண்டு போக முடிந்தால் அது பொம்மை. யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. சொந்த அறிவில் கண்டுபிடித்தது. (என் சொந்த அறிவைப் பற்றி என் மனைவி கலாவிடம் கேட்டால் தனிப் புத்தகமே போடுவாள்.)

விழுப்புரத்தில் கல்யாண வரவேற்புகளுக்கு வாசிக்கும் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் கீபோர்டு. பகலில் பம்புசெட் மோட்டார் விற்பேன், முகூர்த்த நாட்களில் கலைஞன். என்னிடம் இருந்த பழைய கீபோர்டில் வயலின் வரும், புல்லாங்குழல் வரும், எலெக்ட்ரிக் பியானோ மட்டும் வராது. பொத்தானின் மேல் அந்தப் பெயர் எழுதியிருக்கும். அழுத்தினால் ஐஸ் வண்டி மணி கேட்கும்.

“யோவ் சேகரு, நீ வாசிச்சா குல்பி வந்துடிச்சின்னு புள்ளைங்க காச எடுத்துக்கினு ஓடி வருதுயா” என்பார் எங்கள் குழுத் தலைவர் தனபால் அண்ணன். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

சிரிப்பு நின்றது நித்யாவால். கலாவின் அண்ணன் ரவியின் மகள். திண்டிவனத்தில் அவளுக்கு வரவேற்பு, எங்கள் குழுதான் கச்சேரி. மணப்பெண் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது வாசிக்க ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். முழுக்க முழுக்க எலெக்ட்ரிக் பியானோவில் தொடங்கும் பாட்டு. மெதுவாகத் தொட்டால் குழைய வேண்டும், அழுத்தினால் லேசாக உறும வேண்டும்.

“மாமா, அந்த ஸ்டார்ட்டிங் அப்பிடியே வரணும். ஃப்ரெண்ட்ஸ்ங்க கிட்டல்லாம் எங்க மாமா வாசிக்கிறாருன்னு சொல்லி வச்சிருக்கேன்” என்றாள் போனில்.

தனபால் அண்ணன் இன்னும் தெளிவாகச் சொன்னார். “சேகரு, அந்தப் பாட்டு ஒயுங்கா வந்தா நாற்காலி உன்னுது. வரலன்னா அடுத்த முகூர்த்தத்துக்கு பாண்டிச்சேரி தம்பி ஒருத்தன் லாப்டாப்பு எடுத்துக்கினு வர்றேன்னு ரெடியா கீறான்.”

ஆக, ஒரு பக்கம் நாற்காலி. மறுபக்கம் மாமியார் வீட்டு மானம். (நாற்காலி போனால் நின்றுகொண்டாவது வாசிக்கலாம்.)

வேட்டை தொடங்கியது. பெரிய கடையில் புதியதற்கு விலை கேட்டேன். அந்தக் காசுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கி, பின்னால் ஒருவனை உட்கார வைத்துப் பாடச் சொல்லலாம். போனில் ஒரு ஆப் இறக்கி வாசித்துப் பார்த்தேன். விரல் முன்னால் போய்விடும், சத்தம் அடுத்த பஸ்ஸில் வரும். கோட்டக்குப்பத்து நண்பர் துபாயிலிருந்து கொண்டுவந்த கீபோர்டில் எதைத் தொட்டாலும் ஒட்டகம் நடந்தது. கடைசியில் அவர்தான் வழி சொன்னார். குயிலாப்பாளையத்தில் முருகையன் என்று ஒருவர், ஊருக்குத் திரும்பும் வெளிநாட்டுக்காரர்களின் சாமான்களை வாங்கி விற்கிறாராம்.

போனேன். கொட்டகையின் மூலையில் சவப்பெட்டி அளவில் ஒரு பழைய பியானோ கிடந்தது. ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். இடுப்பில் ‘களுக்’ என்றது. ஆகா, இவ்வளவு கனம் என்றால் உள்ளே எவ்வளவு சத்தம் இருக்கும்!

“இதான் வேணும்” என்றேன், இடுப்பைப் பிடித்தபடி.

முருகையன் சுவிட்சைப் போட்டார். ஓடாத மிக்ஸி போல ‘ம்ம்ம்ம்’ என்றது. கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். அதே ம்ம்ம்ம்.

“சத்தம் வரலியேங்க?”

“வராதுங்க. அத பழைய இரும்புக்குப் போட வச்சிக்கினு கீறேன். நீங்கதான் ஆசையா தூக்கனீங்களேன்னு சும்மா இருந்தேன்.”

பிறகு அலமாரியிலிருந்து டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டியை எடுத்தார். அதில் கட்டைகளே இல்லை. முகப்பில் தீப்பெட்டி அளவுக்குச் சின்னக் கண்ணாடி ஜன்னல், அதில் சிவப்பாக இரண்டு இலக்கம், பக்கத்தில் எண்ணை ஏற்ற ஒரு பொத்தான், இறக்க ஒரு பொத்தான்.

“ஒங்க பழைய கீபோர்டயே வச்சிக்கங்க. இந்த ஒயர அதுல சொருவனா, நீங்க அதுல வாசிப்பீங்க, சத்தம் இதுலருந்து வரும். பூஜ்யம் அஞ்சு வச்சா எலெக்ட்ரிக் பியானோ.”

அங்கேயே கிடந்த ஒரு கீபோர்டில் மாட்டி வாசித்தேன். மெதுவாகத் தொட்டேன், குழைந்தது. ஓங்கி அடித்தேன், உறுமியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (இடுப்பு வலியும் ஒரு காரணம்.) விலை, ஒரு நல்ல சீலிங் ஃபேனின் விலை.

“ரெண்டு விஷயம்” என்றார் முருகையன். “கரண்டு போயி வந்தா ஒண்ணுல வந்து நின்னுக்கும், நீங்கதான் அஞ்சுக்கு ஏத்திக்கணும். அப்புறம், தொண்ணூறுக்கு மேல மட்டும் போவாதீங்க. வெள்ளக்காரன் அங்க நாயி, விசிலு, போன் மணின்னு வெளையாட்டு சாமானா வச்சிருக்கான். கட்டைக்கு ஒண்ணு.”

“நமக்கெதுக்குங்க அதெல்லாம்” என்று சிரித்தேன். வாழ்க்கையில் நான் சிரித்த தப்பான சிரிப்புகளில் இதற்கு முதலிடம்.

வெள்ளிக்கிழமை, புதுச் சாமான். எங்கள் வீட்டில் கிரைண்டர் வாங்கினாலும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டாமல் சுவிட்சு போடுவதில்லை. நான் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தேன்.

“இன்னாங்க, ஓரமா வைங்க. கண்ணாடி மேல வைக்காதீங்க” என்றாள் கலா.

“நெத்தியில வைக்காம முதுவுலயா வைப்பாங்க? இதுக்கு நெத்தி இதான்” என்றேன் பெருமிதமாக. கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். ஜன்னலில் இடது பக்க இலக்கம் மறைந்தது, வலது பக்கத்து ஐந்து மட்டும் தெரிந்தது. மறைந்தது பூஜ்யம்தானே? பூஜ்யம் மறைந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அந்த வாரம் முழுவதும் ஐந்தைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். சந்தனமும் காய்ந்து சிமெண்டு போல இறுகிவிட்டது.

வரவேற்பு நாள். விழுப்புரத்திலிருந்து வேனில் போகும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். “இன்னாயா இது, மத்தியான சோறா?” என்றார் தனபால் அண்ணன். திண்டிவனம் மண்டபத்தில் ஸ்பீக்கரில் மாட்டிச் சத்தம் பார்த்தபோது வாயை மூடிக்கொண்டார். என் காலரை நானே தூக்கிவிட்டுக்கொண்டேன். முதல் வரிசையில் கலா தன் அண்ணிமார்களிடம் என்னைக் கையால் காட்டி ஏதோ சொன்னாள். கல்யாணமாகி அப்படி அவள் என்னைக் காட்டியது அதுவே முதல் முறை.

மணப்பெண் வாசலுக்கு வந்துவிட்டாள் என்று மைக்கில் சொன்னார்கள். எல்லோரும் திரும்பினார்கள். கரண்டு போனது.

ஜெனரேட்டர் உறுமி விளக்குகள் வந்தன. கண்ணாடியில் ஒன்று. அதிலிருந்து ஐந்துக்கு ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை.

“சேகரு, ஜல்தி! பொண்ணு நடக்க ஆரம்பிச்சிடிச்சி!”

விரல் அவசரமாகப் பாய்ந்தது. ஏற்றும் பொத்தானுக்குப் பதில் இறக்கும் பொத்தானை அழுத்தத் தொடங்கினேன். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பெட்டி சுற்றிக்கொண்டு தொண்ணூற்றொன்பதுக்குப் போகும். பொட்டுக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு, ஐந்து. ஒன்றுக்கு அடுத்து ஒன்பது எப்படி வந்தது என்று கேட்க மூளை அப்போது ஊரில் இல்லை. ஐந்து வந்துவிட்டது, அது போதும். கண்ணை மூடிக்கொண்டு கலைஞனாக மாறினேன்.

முதல் கட்டையைத் தொட்டேன். போலீஸ் விசில்.

இரண்டாவது கட்டை போன் மணி. முன் வரிசையில் பாதிப் பேர் சட்டைப்பையைத் தடவினார்கள். மூன்றாவதில் கைதட்டல். (அன்று எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல்.) இடது கை கீழே இறங்கியது. நாய் குரைத்தது.

ஆரம்பித்த பாட்டை நிறுத்தக்கூடாது என்பது தனபால் அண்ணன் குழுவின் சட்டம். மேடையே எரிந்தாலும் பல்லவியை முடித்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். எனவே நிறுத்தவில்லை. ஓங்கி வாசித்தால் சரியாகிவிடும் என்று ஓங்கி வாசித்தேன். மெதுவாகத் தொட்டால் குழையும், ஓங்கி அடித்தால் உறுமும் என்ற நியாயம் நாய்க்கும் பொருந்தியது.

முன் வரிசைப் பெரியவர் ஒருவர் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா குனிந்து மேடைக்கு அடியில் பார்த்தார். என் மச்சான் ரவி ஒரு கொம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“எவண்டா மண்டபத்துக்குள்ள நாய உட்டது? பொண்ணு வர நேரத்துல! த்தூ, போ! போ!”

திரைக்குப் பின்னால் கொம்பால் குத்தினார். அந்நேரம் என் சுண்டுவிரல் எந்தக் கட்டையில் பட்டதோ, பூனை கத்தியது.

“ஐயோ, ரெண்டு கீது!” என்றார் ரவி.

தனபால் அண்ணன் மைக்கை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாண்டிச்சேரி தம்பி லாப்டாப்போடு பஸ் ஏறுவது தெரிந்தது. நான் கண்ணாடியைப் பார்த்தேன். ஐந்து. மறுபடியும் பார்த்தேன். சத்தியமாக ஐந்து.

கலா மேடை ஏறினாள். பட்டுப்புடவை முந்தானையை நுனி நாக்கில் நனைத்து, சோறு ஒட்டிய குழந்தைக்கு மூஞ்சி துடைப்பது போல, பெட்டியின் நெற்றியை அழுத்தித் துடைத்தாள்.

“தொண்ணூத்தஞ்சுன்னு போட்டிருக்கு” என்றாள். “நெத்தியாம் நெத்தி.”

ஏற்றும் பொத்தானைத் தேடிப் பிடித்துப் பூஜ்யம் ஐந்துக்கு வந்து சேர்ந்தேன். அதற்குள் நித்யா நடந்து முடித்து மேடையில் மாப்பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணம் அவளுடையது, நடை முடிந்துவிட்டது, பாட்டு இனிமேல்தான். வேனில் யார் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் திரும்புவது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

என்னைக் காப்பாற்றியவர் வீடியோக்காரர். “மேடம், வாசலுக்குப் போயி இன்னொரு தபா வாங்க. சிரிச்சிக்கினே வந்துட்டீங்க, மூஞ்சி ஆடிடிச்சி” என்றார். வீடியோக்காரர் சொன்னால் தாலியையே இன்னொரு முறை கட்டும் ஊர் நம்முடையது. நித்யா இறங்கிப் போனாள். திரும்ப நடந்து வந்தாள். நான் வாசித்தேன். குழைய வேண்டிய இடத்தில் குழைந்தது, உறும வேண்டிய இடத்தில் உறுமியது. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் வாசித்ததில்லை. அடக்கத்துக்காகக்கூட வேறு மாதிரி சொல்ல முடியாது.

திரும்பும் வழியில் வேன் விக்கிரவாண்டியைத் தாண்டியது. தனபால் அண்ணன் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்: “அடுத்த வாரம் செஞ்சி. பொட்டிய எடுத்துக்கினு வா. சந்தனத்த ஊட்டுலயே வச்சிட்டு வா.”

நாற்காலி இன்றைக்கும் என்னுடையதுதான். பாண்டிச்சேரி தம்பி யார் என்று நான் பார்த்ததே இல்லை. ஆனால் மாமியார் வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் சரி, ஸ்கூட்டர் வாங்கினாலும் சரி, சந்தனக் கிண்ணத்தோடு யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: “மாமாவ கூப்புடுங்க, இதுக்கு நெத்தி எங்க கீதுன்னு அவருக்குத்தான் தெரியும்.”

கல்யாண வீடியோ வந்தபோது எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். நான் உயிரைக் கொடுத்து வாசித்த இரண்டாவது நடை அதில் இல்லை. அந்த நடையில் தன் முகம் ஆதார் கார்டு போட்டோ மாதிரி இருந்தது என்று நித்யா வெட்டிவிடச் சொல்லிவிட்டாளாம். இருப்பது முதல் நடை. நாய் குரைக்கிறது, ரவி கொம்போடு ஓடுகிறார், பெண் சிரித்துக்கொண்டே வருகிறாள்.