‘ம்’ கொட்டிய முயலும் சுத்த சைவ நரியும்

ஒரு காட்டில் டவர் வந்துவிட்டது. டவர் வந்தால் காடு முன்னேறிவிடும் என்றார்கள். முன்னேறியதா என்பதை, துரைக்கண்ணு என்கிற முயலின் கதையைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு இதில் ஒரு பக்கமும் கிடையாது. என் போனிலும் பாதி நாள் வட்டம்தான் சுற்றுகிறது.

துரைக்கண்ணுவுக்குப் பூங்காவனம் என்று ஒரு மனைவி, மடி நிறையக் குட்டிகள். வளைக்கு வாசலில் ஒரு முள்படல். உள்ளிருந்துதான் திறக்க முடியும். பின்பக்கம் ஓர் அறை காலியாகக் கிடந்தது. அங்கே குடியிருந்த முள்ளம்பன்றி, சுவரெல்லாம் ஓட்டை போட்டுவிட்டுக் காலி செய்திருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் துரைக்கண்ணுவின் தங்கை வீட்டில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மற்றவர்கள் வீட்டிலேயே அது பெரிய விசேஷம். முயல் வீட்டில் கேட்க வேண்டுமா? அத்தனை நீளக் காது. துரைக்கண்ணு புது வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறியது.

போனில் ‘கூவல்’ என்று ஓர் ஆப் இருந்தது. நெட் இருந்தால் எங்கிருந்தும் பேசலாம், காசு கிடையாது. ஆனால் துரைக்கண்ணு பஸ் கிளம்புவதற்குள்ளேயே கேரட் அல்வா செய்யும் வீடியோக்களைப் பார்த்து அன்றைய நெட்டைத் தீர்த்துவிட்டது. பாக்கி இருந்தது சொட்டுச் சொட்டாக வரும் நெட்தான். அதிலும் மலைப்பாதை. ஒவ்வொரு வளைவிலும் டவர் ஒளிந்துகொள்ளும்.

செல்போன் கடைக் கிளி முன்பே எச்சரித்திருந்தது. “ஸ்லோ நெட்ல நீளமாப் பேசினா உடைஞ்சு உடைஞ்சுதான் போகும் அண்ணே. வீடியோவை அணைச்சிடுங்க. எவ்வளவு சுருக்கமாப் பேசுறீங்களோ அவ்வளவு நல்லது.”

துரைக்கண்ணு அதை அப்படியே பிடித்துக்கொண்டது. ‘ம்’ என்பதைவிடச் சுருக்கமாக என்ன இருக்கிறது?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம்மூரில் போனில் ஒருவர் பேசினால் மற்றவர் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் “இருக்கீங்களா?” என்பார்கள். ‘ம்’ என்றால் சம்மதம் என்று பொருளில்லை; கேட்கிறது என்று பொருள். பல வீடுகளில், கேட்கவில்லை என்றும் பொருள். இந்த விவரம் புரியாதவர்களோடுதான் நமக்கு எப்போதும் தகராறு.

துரைக்கண்ணு மலையேறிக்கொண்டிருந்தபோது ஏகாம்பரம் என்கிற நரி முள்படலுக்கு வெளியே வந்து நின்றது. குளித்துத் தலைவாரியிருந்தது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“தங்கச்சி, பின்பக்க ரூம் காலியா இருக்குன்னாங்க.”

பூங்காவனம் படலை இறுக்கிப் பிடித்தது. குட்டிகளைப் பின்னால் தள்ளிக்கொண்டது.

நரியின் கதையும் பாவம்தான். ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று அதன் குகையை இடித்துவிட்டார்கள். வீடு தேடிப் போன இடத்திலெல்லாம், நரி என்றதும் “இப்பதான் ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்” என்ற ஒரே பதில். மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பேசும்போதே அதன் கண் இரண்டு தடவை குட்டிகள் பக்கம் போய்வந்ததைப் பூங்காவனம் பார்த்துவிட்டது.

“அவரைக் கேக்காம நான் எதுவும் சொல்ல முடியாதுண்ணே. அவரு ஊர்ல இல்ல” என்றது பூங்காவனம். வேண்டாதவர்களை அனுப்ப நாமெல்லாம் சொல்வதுதான்.

“போன் இருக்குல்ல? கேளுங்க. நான் நிக்கிறேன்.”

தப்பிக்க வழியில்லை. எப்படியும் அவர் முடியாது என்றுதான் சொல்வார் என்று நம்பி, பூங்காவனம் ‘கூவல்’ ஆப்பில், ஸ்பீக்கர் போட்டுக் கூப்பிட்டது. எதிரே இருந்த அத்தி மரத்துக் குரங்குகள் வேலையை விட்டுவிட்டுக் கீழ்க்கிளைக்கு இறங்கின. அவற்றுக்கு வேலை இருந்ததா என்று கேட்காதீர்கள்.

“ஏங்க, கேக்குதா?”

சத்தமில்லை.

“ஏங்க, கேக்குதா?”

நரி பொறுமை இழந்து படலுக்குள் மூக்கை நீட்டியது. “மாப்ளே, நான் ஏகாம்பரம். பின்பக்க ரூமை எனக்கு விடலாமில்ல?”

போன் சொன்னது: “ம்.”

பூங்காவனத்தின் முதல் ‘கேக்குதா’வுக்குக் கிளம்பிய ‘ம்’ அது. மலையெல்லாம் சுற்றிக்கொண்டு இப்போதுதான் வந்து சேர்ந்தது.

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?” நரி மரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தது. “வீட்டுக்காரர் வாயால வந்த சொல்லு. இனிமே இந்த போன்ல அவரு என்ன சொல்றாரோ அதுதான் சட்டம்.”

“கேட்டோம், கேட்டோம்” என்றன குரங்குகள்.

கல்யாணமான நாளிலிருந்து பூங்காவனம் புருஷனைக் கடிக்க நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தது. அந்த நேரத்தில், யாரும் எதுவும் கேட்காமலே போன் மறுபடி சொன்னது: “ம்.”

பூங்காவனம் போனைப் பார்த்தது. இரண்டு தடவை கேட்டேன், இரண்டு ‘ம்’ வந்திருக்கிறது. அப்படியானால் நான் எதைக் கேட்டாலும் ஒரு ‘ம்’ வரும். கொஞ்சம் பொறுத்து வரும், அவ்வளவுதான்.

“இருங்கண்ணே, படலைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன்” என்று போனை உயர்த்திப் பிடித்தது. “ஏங்க, குடிவர்றவங்க சுத்த சைவமா இருக்கணும்னு சொல்லுவீங்களே. அது இவருக்கும் உண்டுதானே?”

குரங்குகள் மூச்சுவிடாமல் காத்திருந்தன.

“ம்.”

“வெளிய சாப்பிட்டுட்டு வந்தாலும் கூடாதுதானே?”

“ம்.”

“குட்டிங்களை முறைச்சுப் பாக்கக் கூடாது, ஊளையும் விடக் கூடாது. சரிதானே?”

“ம்.”

பஸ்ஸில் இருந்த துரைக்கண்ணுவுக்குக் கேட்டதெல்லாம் “க்ர்ர்... சாப்ட்... க்ர்ர்... தானே” என்பதுதான். சாப்பிட்டீங்களா என்று பெண்டாட்டி எத்தனை தடவை விசாரிக்கிறாள் என்று அது உருகிப்போய்விட்டது.

நரியின் முகம் தொங்கிவிட்டது. ஆனால் சட்டம் என்று வாயைக் கொடுத்தது அதுதான். தலைக்குமேல் மேகமும் கறுத்திருந்தது. வாழைப்பழத்தை உள்ளே நீட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு குடிவந்தது.

நம்ப மாட்டீர்கள், நன்றாகவே போயிற்று. நரி பூசணிக்காய் சாப்பிட்டது. குட்டிகளைத் தப்பித்தவறிப் பார்க்க நேர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டது. நரி குடியிருக்கும் வீடு என்று பாம்பு அந்தப் பக்கம் வருவதை நிறுத்தியது. குட்டிகள் அதை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தன.

ஒருநாள் நரி தயங்கித் தயங்கி வந்தது. “தங்கச்சி, முட்டை சைவத்துல சேருமா?”

“அவரைக் கேட்டுச் சொல்றேன்” என்று பூங்காவனம் உடனே கூப்பிட்டது. தங்கை வீட்டிலும் டவர் அதே லட்சணம்தான். “ஏங்க, முட்டையும் கூடாதுதானே?”

“ம்.”

“கூடாதாம்ணே.”

விசேஷமெல்லாம் முடிந்து துரைக்கண்ணு ஊர் திரும்பியது. பை நிறைய முறுக்கு. வாசலிலேயே நரி எழுந்து நின்று வணக்கம் வைத்தது. நரி ஏன் தன் வாசலில் நிற்கிறது என்று துரைக்கண்ணுவுக்குப் புரியாவிட்டாலும், குடும்பத் தலைவராயிற்றே, காட்டிக்கொள்ளவில்லை.

“மாப்ளே, மத்ததெல்லாம் உங்க இஷ்டம். முட்டை விஷயத்துல மட்டும் கொஞ்சம் தயவு பண்ணுங்க.”

“என்ன முட்டை?”

பூங்காவனம் கண்ணைக் காட்டியது. காலை மிதித்தது. இருமியது. இத்தனை அருகிலிருந்தும் அந்த சிக்னல் துரைக்கண்ணுவுக்குக் கிடைக்கவில்லை.

“நீங்க போட்ட விதிதானே மாப்ளே? போன்ல சொன்னீங்களே, சுத்த சைவம்னு.”

“நானா? என்னைக் கேக்காம என் வீட்டுல விதி போட்டது யாரு? பஸ்லயும் சரி, தங்கச்சி வீட்டுலயும் சரி, எனக்கு ஒரு எழவும் கேக்கல. சும்மா ம் கொட்டிக்கிட்டு வந்தேன். சைவம்னு ஒரு வார்த்தை நான் சொல்லல.”

ஓர் எழுத்துகூட உடையவில்லை. அத்தனை தெளிவாக அது வாழ்நாளில் பேசியதில்லை.

நரி பூசணிக்காயைக் கீழே வைத்தது. “அப்ப இத்தனை நாளா எனக்குக் காது குத்தியிருக்கீங்க.”

அடுத்த கணம் பாய்ந்தது. துரைக்கண்ணுவின் இடது காதில் நரியின் பல் இறங்கியது. குரங்குகள் அத்திக்காயால் அடித்த அடியில் நரி ஒரு நொடி அசர, காதை உருவிக்கொண்டு ஓடியது துரைக்கண்ணு. குட்டிகளை இழுத்துக்கொண்டு பூங்காவனமும் ஓடியது. எல்லோரும் சூரைமுள் புதருக்குள் போய் விழுந்தார்கள். வீடு நரியிடம் போயிற்று.

“நான் உண்மையைத்தானே சொன்னேன்?” என்றது துரைக்கண்ணு, காதைப் பிடித்துக்கொண்டு.

“ஆமா. அதான் இங்க உக்காந்திருக்கோம்.”

குட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுப் பூங்காவனம் அழுதது. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னது: “நீங்க கிளம்புங்க. உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாங்க.”

“இப்பதானே வந்தேன்.”

“போங்க. போற வழியெல்லாம் அல்வா வீடியோ பாருங்க. மலை ஏறினதும் நானே கூப்பிடுறேன்.”

பஸ் மலையேறும் நேரம் பார்த்து, பூங்காவனம் தன் வளைக்கு எதிரே போய், எட்டாத தூரத்தில் நின்றது. கிளையில் குரங்குகள். வாசலில் நரி.

“ஏங்க, நேத்து நீங்க பேசினது பயண அலுப்புல பேசினதுதானே? போன்ல சொன்ன சைவம்தான் செல்லும். இல்லீங்களா?”

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பூங்காவனம் போனை இன்னும் உயர்த்திப் பிடித்தது.

“ம்.”

“நேர்ல வேற மாதிரி சொன்னாரே?” என்றது நரி.

மூத்த குரங்கு கிளையைச் சொறிந்துகொண்டே சொன்னது: “நேர்ல ஆயிரம் பேசுவாங்கப்பா. போன்ல சொல்றதுதான் சட்டம்னு நீதானே எங்களைச் சாட்சி வச்சே?”

நரி யோசித்தது. தூறல் விழ ஆரம்பித்திருந்தது. தானே வைத்த சட்டத்தைத் தானே மீறியது என்று குரங்குகள் பரப்பிவிட்டால், இந்தக் காட்டில் இனி யார் அதை அண்டவிடுவார்கள்? அது முகம் வாடி நின்ற விதத்தைப் பார்த்துப் பூங்காவனத்துக்கே மனசு கேட்கவில்லை.

“ஏங்க, முட்டை மட்டும் வாரத்துக்கு ஒண்ணு சாப்பிட்டுக்கட்டுமே?”

“ம்.”

நரிக்குக் கண் கலங்கிவிட்டது. “மாப்ள தங்கமான மனுஷன்” என்று சொல்லிப் படலை அகலத் திறந்துவிட்டது.

அன்றிலிருந்து துரைக்கண்ணு மலைப்பாதையில் பஸ் மாறி பஸ் மாறிப் போய்க்கொண்டிருக்கிறது. ஒருநாள் மதியம், எந்த வளைவிலோ தெரியவில்லை, முழு டவர் கிடைத்துவிட்டது.

“பூங்கா, எனக்கு உங்க எல்லாரையும் பாக்கணும் போல இருக்கு. வீட்டுக்கு வரட்டுமா?”

பக்கத்தில் நின்று பேசியதுபோல் அத்தனை தெளிவாகக் கேட்டது. பூங்காவனத்துக்குப் பாவமாகத்தான் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. நரியின் வாலில் தலைவைத்துக் குட்டிகளெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன.

“என்னங்க சொல்றீங்க? விட்டு விட்டுக் கேக்குதே” என்றது.

நீதி: குடும்பத் தலைவர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கும்வரை, அந்தக் குடும்பத்தில் யாரையும் யாரும் தின்பதில்லை.